நன்றி, தாழ்மை, பக்தி: எங்கட சனிக்கிழமை பைபிள் கூட்டத்துல திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

முதல்லயே சொல்லிடுறேன், நான் பாஸ்டரும் இல்ல, இறையியல் படிச்ச ஆளும் இல்ல. கொட்டாஞ்சேனையில எங்கட வீட்டு ஹோல்ல சனிக்கிழமை பின்னேரம் பத்துப் பன்ரெண்டு பேர் கூடி பைபிள் வாசிக்கிறோம், ஞாயிறு சண்டே ஸ்கூல்ல சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன், அவ்வளவு தான். ஆனா வருஷக்கணக்கா ஒரே கேள்விகள் வேற வேற ஆக்கள்ட வாயில இருந்து வந்துகொண்டே இருக்கு, பிறகு வட்ஸ்அப்லயும் வருது, ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை கட்டினது தான் மிச்சம். அதான் ஒரு சீ.ஆர். கொப்பியில குறிச்சு வச்சதை இப்ப இப்படிப் போடுறேன், கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

எங்கட கூட்டத்துல பாதிப் பேர் மெதடிஸ்ட், பாதிப் பேர் கத்தோலிக்கம் (என்ட அம்மாவே கத்தோலிக்கம் தான்), அதால "ஜெபம்", "செபம்" ரெண்டுமே கேட்கும், யாரும் சண்டைக்கு வராதீங்க. வசனம் சொல்லும்போது பழைய மொழிபெயர்ப்பைத் தான் சொல்றேன், சின்ன வயசுல மனப்பாடம் செஞ்சது அது தான்.

முதல்ல எந்தப் பகுதியை வாசிக்கணும்? பைபிள் முழுக்க நன்றி நன்றி எண்டு தானே இருக்கு.

லூக்கா 17, 11ல இருந்து 19 வரைக்கும். ஒன்பதே வசனம், பஸ்ல நிண்டுகொண்டே வாசிச்சிடலாம். பத்து குஷ்டரோகிகள் தூரத்துல நிண்டு இயேசுவைக் கூப்பிடுறாங்க, அவர் போய் ஆசாரியர்களுக்கு (கோயில் குருமாருக்கு) உங்களைக் காட்டுங்க எண்டு மட்டும் சொல்றார், போற வழியில சுகமாகுது. ஒருத்தன் மட்டும் திரும்பி வாறான், அவன் சமாரியன், எண்டா யூதர்கள் தங்கட ஆளா எடுக்காத ஒருத்தன். "சுத்தமானவர்கள் பத்துப்பேர் அல்லவா, மற்ற ஒன்பதுபேர் எங்கே?" எண்டு இயேசு கேட்கிறார்.

ஏன் தூரத்துல நிண்டாங்க எண்டு பிள்ளைகள் கட்டாயம் கேட்பாங்க. லேவியராகமம் 13ல அப்படித் தான் சட்டம், ஊருக்கு வெளிய தான் இருக்கணும். எங்களுக்கும் இது புதுசில்ல, களனி ஆத்துக்கு அங்கால ஹெந்தளையில டச்சுக்காரர் காலத்துலயே தொழுநோய் ஆஸ்பத்திரி கட்டி ஆக்களைத் தள்ளி வச்சவங்க தானே. இப்ப அது மருந்து குடிச்சு சுகமாகிற வருத்தம், அதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்க.

அந்தச் சமாரியன் செஞ்சதை 15, 16ல ஆறுதலா வாசிச்சுப் பாருங்க. திரும்பி வந்தான், பாதத்துல முகங்குப்புற விழுந்தான், ஸ்தோத்திரம் சொன்னான். பக்தி, தாழ்மை, நன்றி எண்டு நாங்க மூண்டு பாடமா பிரிச்சுப் படிப்பிக்கிறதை அவன் ஒரே மூச்சுல செஞ்சிட்டான். கீழ வாற எல்லாக் கேள்விக்கும் நான் திரும்பத் திரும்ப இவன்ட்ட தான் வருவேன்.

ஸ்தோத்திரம், நன்றி, துதி எல்லாம் ஒண்டு தானா? எங்கட சேர்ச்ல மூச்சுக்கு முன்னூறு தரம் ஸ்தோத்திரம் சொல்றாங்க.

ஒண்டு இல்ல, ஆனா பழைய தமிழ் பைபிள்ல எல்லாம் கலந்து கிடக்கு. சங்கீதம் 103ல "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" எண்டு வாற இடத்துல எபிரேயச் சொல்லுக்கு வாழ்த்துறது எண்டு தான் கருத்து. லூக்கா 17ல அந்தச் சமாரியன் சொல்ற ஸ்தோத்திரம் கிரேக்கத்துல நேரடியா நன்றி. அதே கிரேக்கச் சொல்லுல இருந்து தான் கத்தோலிக்கர் நற்கருணைக்குச் சொல்ற 'யூக்கரிஸ்ட்' எண்ட பேரும் வந்தது. இயேசு அப்பத்தை எடுத்து நன்றி சொல்லிப் பிட்டது எந்த ராத்திரி? காட்டிக்கொடுக்கப்பட்ட ராத்திரி, 1 கொரிந்தியர் 11:23ல பவுல் அதைச் சொல்லித் தான் தொடங்குறார். இதை ஞாபகம் வச்சிருங்க, அடுத்த கேள்விக்குத் தேவை.

பழைய ஏற்பாட்டுல நன்றிப்பலி எண்டு ஒண்டு இருக்கு, லேவியராகமம் 7. அந்த இறைச்சியை அண்டைக்கே சாப்பிட்டு முடிக்கணும், விடியும் வரைக்கும் வைக்கக் கூடாது. ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரு நாள்ல சாப்பிட ஏலுமா? அப்ப பக்கத்து வீட்டு ஆக்களைக் கூப்பிடத் தான் வேணும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துச் சட்டம் எண்டு ஒரு அங்கிள் சிரிச்சார், இருக்கலாம், ஆனா நன்றியைத் தனிய வச்சுச் சாப்பிட ஏலாது எண்டதும் அதுக்குள்ள இருக்கு எண்டு தான் எனக்குப் படுது.

எல்லாத்துக்கும் நன்றி சொல்லணுமாம். என்ட பிள்ளைக்கு வருத்தம் வந்ததுக்கும் நன்றி சொல்லணுமா?

இதைக் கேட்ட அக்கா அழுதுகொண்டு தான் கேட்டவ. இல்ல அக்கா. 1 தெசலோனிக்கேயர் 5:18 "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" எண்டு தான் சொல்லுது. வருத்தத்துக்கு நன்றி சொல்றது வேற, வருத்தத்துக்குள்ள இருந்துகொண்டு நன்றி சொல்றது வேற. மேல சொன்ன அந்த ராத்திரியில இயேசு தன்னைக் காட்டிக்குடுத்த யூதாஸ் செஞ்சதுக்கு நன்றி சொல்லல, கையில இருந்த அப்பத்துக்கு நன்றி சொன்னார். ஆஸ்பத்திரி வார்ட்ல ராத்திரி முழுக்கக் கூட இருந்த நர்ஸ்க்கு, சோத்துப் பார்சல் கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு நன்றி சொல்லலாம், காய்ச்சலுக்குச் சொல்லத் தேவையில்ல.

நீங்க அப்படிச் சொல்றீங்க, ஆனா எபேசியர் 5:20ல "எல்லாவற்றிற்காகவும்" எண்டு தெளிவா இருக்கே?

பிடிச்சிட்டீங்க. ஓம், அங்க அப்படித் தான் இருக்கு, மறைக்க ஏலாது. நான் என்ன சொல்வேன் எண்டா அந்த அதிகாரத்தை முழுசா வாசிங்க. 11ம் வசனத்துல இருட்டுல நடக்கிற கிரியைகளுக்கு உடன்படாதீங்க, அதைக் கடிஞ்சுகொள்ளுங்க எண்டு இருக்கு. அதே ஆள், அதே கடிதம், ஒன்பது வசனம் முதல்ல கண்டிக்கச் சொன்னதுக்கு இங்க நன்றி சொல்லச் சொல்வாரா? 20க்கு முன்னுக்கும் பின்னுக்கும் பாட்டுப் பாடுறது, ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படியிறது எண்டு தான் பேச்சு போகுது, ஒண்டாக் கூடி வாழுற ஆக்களுக்கு எழுதினது. யாராவது இந்த வசனத்தைக் காட்டி ஒரு தாய்ட்ட உன்ட பிள்ளை செத்ததுக்கு நன்றி சொல்லு எண்டா அது போதனை இல்ல, மனச்சாட்சி இல்லாத கதை. இது என்ட அபிப்பிராயம், மாத்த மாட்டேன்.

2019க்குப் பிறகு எனக்கு நன்றி எண்டு வாய் வரமாட்டேங்குது. அது பாவமா?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, சேர்ச்சுகள்ல குண்டு வெடிச்ச நாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்களுக்கு நடக்கிற தூரம், அந்தச் சத்தம் கேட்டவங்க எங்கட கூட்டத்துல இருக்காங்க, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலயும் மட்டக்களப்பு சீயோன் சேர்ச்லயும் சொந்தக்காரர் இருந்தவங்களும் இருக்காங்க. அதால இதுக்கு நான் சட்டுனு பதில் சொல்றதில்ல.

பாவம் இல்ல எண்டு மட்டும் சொல்வேன். சங்கீதம் 88 வாசிங்க, கடைசி வரைக்கும் ஒரு ஆறுதல் வரி இல்லாம அப்படியே முடியுது, அதையும் பைபிள்ல வச்சிருக்காங்க. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு முதல் அதிகாரத்துல "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" எண்டு சொன்னதை எல்லாரும் செத்த வீட்டுல சொல்வாங்க, ஆனா மூண்டாம் அதிகாரத்துல அதே யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார், அதை ஒருத்தரும் சொல்றதில்ல. கடைசியா 42:7ல கடவுள் கோபப்பட்டது யோபு மேல இல்ல, வந்து வந்து பிரசங்கம் வச்ச கூட்டாளிமார் மேல. பேச்சு வராட்டி பேசாம இருங்க, கூட இருக்கிறவங்க உங்களுக்காகச் சொல்லட்டும்.

தாழ்மை எண்டா நான் ஒண்டுக்கும் உதவாதவன் எண்டு சொல்றது தானே?

எங்கட ஆக்களுக்கு இந்தப் பழக்கம் கூட. நல்லாப் பாடுற பிள்ளையைப் பாராட்டினா "ஐயோ நான் எங்க அன்டி" எண்டு நெளியும், அதைத் தாழ்மை எண்டு நாங்களும் தலையாட்டுவோம். யோவான் 13ஐப் பாருங்க. இயேசு சீஷர்ட காலைக் கழுவ எழும்புறதுக்கு முதல் 3ம் வசனம் என்ன சொல்லுது எண்டா, பிதா எல்லாத்தையும் தன்ட கையில தந்தது, தான் கடவுள்ட்ட இருந்து வந்தது, அவர்ட்டயே போறது, எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிஞ்சு தான் துவாயை இடுப்புல கட்டுறார். தான் யார் எண்டு தெரியாததால குனியல, வடிவாத் தெரிஞ்சதால தான் குனிய ஏலுமா இருந்தது. பிலிப்பியர் 2ல "தம்மைத்தாமே வெறுமையாக்கி" எண்டு வாறதும் இதே கதை தான், கையில இருக்கிறதைத் தான் ஒருத்தர் கீழ வைக்க ஏலும்.

எண்ணாகமம் 12:3ல பூமியிலயே சாந்தமான ஆள் மோசே எண்டு இருக்கு. அந்த மோசே தான் பார்வோனுக்கு முன்னுக்கு நிண்டு கதைச்சவர்.

ஆபிஸ்ல பெரியவர் எல்லாருக்கும் முன்னால கேவலமாப் பேசுறார். கிறிஸ்தவன் எண்டா தாழ்மையாப் பொறுத்துக்கணுமா?

அப்போஸ்தலர் 16. பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாம அடிச்சு ஜெயில்ல போட்டாங்க, நடுராத்திரி ரெண்டு பேரும் பாட்டுப் பாடி ஜெபம் செய்றாங்க, இது வரைக்கும் எல்லாப் பிரசங்கத்துலயும் வரும். விடிஞ்சதும் அதிகாரிகள் சத்தமில்லாமப் போகச் சொல்லி ஆள் அனுப்புறாங்க. 37ம் வசனத்துல பவுல் போகமாட்டேன் எண்டுட்டார். நாங்க ரோமக் குடிமக்கள், எல்லாருக்கும் முன்னால அடிச்சிட்டு இப்ப இரகசியமா அனுப்புறதா, அவங்களே வந்து வெளிய கூட்டிக்கொண்டு போகட்டும் எண்டார். வந்தாங்க. ராத்திரி பாடின அதே வாய் தான் காலையில நியாயம் கேட்டது. இயேசுவும் கன்னத்துல அடிச்ச ஆள்ட்ட "என்னை ஏன் அடிக்கிறாய்" எண்டு கேட்டார், யோவான் 18:23.

இந்தக் கேள்வி சில நேரம் வேற மாதிரி வரும், மெதுவா, கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு, வீட்டுல அடிக்கிறார் எண்டு. தங்கச்சி, அதைப் பொறுக்கிறதுக்குப் பேர் தாழ்மை இல்ல. 1938 எண்ட பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுங்க, இல்லாட்டி என்ட வீட்டுக்கு வாங்க, பைபிள் பிறகு வாசிக்கலாம்.

பரிசேயன் செஞ்சதுல அப்படி என்ன பிழை? அவரும் கடவுளுக்கு நன்றி தானே சொன்னார்?

கொப்பியில இருக்கிற கேள்விகள்ல எனக்கு ஆகப் பிடிச்சது இது, கேட்டது ஓ லெவல் படிக்கிற ஒரு பொடியன். லூக்கா 18:9ல இருந்து 14, இயேசு சொன்ன கதை. ரெண்டு பேர் கோயிலுக்கு ஜெபம் செய்யப் போறாங்க, ஒருத்தர் சட்டத்தைக் கண்டிப்பாப் பிடிக்கிற பரிசேயன், மற்றவன் வரி வாங்குற ஆயக்காரன். உண்மையில அந்தப் பரிசேயன் நல்ல மனுஷன். சட்டப்படி வருஷத்துல ஒரு நாள், பாவநிவிர்த்தி நாள்ல தான் உபவாசம், இவர் வாரத்துல ரெண்டு தரம் இருக்கிறார். சம்பாதிச்ச எல்லாத்துலயும் தசமபாகம், பத்துல ஒரு பங்கு, குடுக்கிறார். பொய் ஒண்டும் சொல்லல. ஜெபத்தை நன்றியோட தான் தொடங்குறார்.

ஆனா என்னத்துக்கு நன்றி? தனக்குக் கிடைச்ச ஒண்டுக்கும் இல்ல. "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" நன்றியாம். அந்த ஆயக்காரன் அங்க நிக்காட்டி இவருக்கு ஜெபமே இல்ல. இவர்ட நன்றி நிக்கிறதுக்குக் கீழ ஒரு ஆள் தேவைப்படுது, அது தான் பிழை. ஆயக்காரன்ட ஜெபத்துல வேற ஒருத்தரும் இல்ல, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்", கடவுளும் அவனும் மட்டும் தான்.

இப்ப அந்தச் சமாரியன்ட்ட திரும்ப வாங்க. மற்ற ஒன்பது பேரைப் பத்தி அவன் ஒரு சொல்லுச் சொல்லல. நான் வந்தேன், அவங்க வரல எண்டு சொல்ல நல்ல சான்ஸ் இருந்தது. ஒன்பது பேரைப் பத்திக் கேட்டது இயேசு, இவன் காலடியில கிடக்கிறான், அவ்வளவு தான். இதை நான் எத்தனையோ வருஷம் வாசிச்சும் காணல, அந்தப் பொடியன் கேட்ட பிறகு தான் கண்டேன்.

2022ல காஸ் லைன்ல விடிய 4 மணிக்குப் போய் நிண்டு சிலிண்டர் எடுத்துக்கொண்டு வந்து நான் வீட்டுல சொன்னது இது: "ஸ்தோத்திரம், நல்ல காலம் எனக்குக் கிடைச்சது, எனக்குப் பின்னால நிண்டவங்களுக்கு முடிஞ்சுது." இப்ப யோசிச்சா அதுல பாதி பரிசேயன்ட ஜெபம்.

அப்ப சாட்சி சொல்றதும் பெருமை தானா? எங்கட சேர்ச்ல மகனுக்கு கனடா விசா கிடைச்சது, புது வீடு கிடைச்சது எண்டு தான் சாட்சி.

மேல பரிசேயன் கதையில சொன்னதை வச்சே பாருங்க. உங்கட சாட்சியில, எண்டா கடவுள் செஞ்சதை எல்லாருக்கும் முன்னால சொல்றதுல, இருந்து மற்ற ஆக்களை எடுத்துட்டா மிச்சம் ஏதும் இருக்கா? இருந்தா சொல்லுங்க, சந்தோஷமாக் கேட்போம். விசா கிடைச்சதுல ஒரு பிழையும் இல்ல. ஆனா அண்டைக்கு ஹோல்ல விசா கிடைக்காத மூண்டு குடும்பம் இருந்திருக்கும், நாங்க உபவாசம் இருந்தோம் அதால தான் கிடைச்சது எண்டு சேர்க்கும்போது அவங்களுக்கு என்ன சொல்றோம்? நீங்க இருந்தது காணாது எண்டா?

காணிக்கை குடுத்தவங்கட பெயரைப் பலகையில போடலாமா?

மத்தேயு 6ல இடக்கைக்குத் தெரியாமக் குடு எண்டு இருக்கு, மத்தேயு 5:16ல உன்ட வெளிச்சம் மனுஷருக்கு முன்னால பிரகாசிக்கட்டும் எண்டு இருக்கு. 5:16 முடியிற இடத்தைப் பாருங்க, பார்த்தவங்க பிதாவை மகிமைப்படுத்தணுமாம். பலகையை வாசிக்கிற ஆள் யாரைப் புகழுறார் எண்டு பார்த்தா விளங்கிடும். கணக்கு வெளிப்படையா இருக்க வேணும், அது வேற விஷயம், அதுக்கு வருஷக் கணக்கறிக்கை இருக்கு.

மார்த்தாள் பாவம் இல்லையா? எல்லாரும் இயேசுட காலடியில இருந்தா யார் சமைக்கிறது?

சமைக்கிற ஆக்கள் தான் கேட்பாங்க, ஆம்பிளை ஒருத்தர் கூட இதைக் கேட்டதில்ல! லூக்கா 10ல மார்த்தாள் வேலை செய்றா, தங்கச்சி மரியாள் இயேசுட காலடியில இருந்து கேட்கிறா, அவளை எனக்கு உதவச் சொல்லும் எண்டு மார்த்தாள் முறையிடுறா. இயேசு சமைக்காதே எண்டு சொல்லல. "மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" எண்டார். எனக்கு அது கண்டிப்பா இல்ல, ரெண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுறதே ஒரு அணைப்பு மாதிரி. பிரச்சினை சட்டியில இல்ல, தங்கச்சியைக் காட்டிக் கோள் சொன்னதுல, திரும்பவும் அந்த ஒப்பிடுற வருத்தம் தான். யோவான் 11:27ல நீர் தேவகுமாரன் எண்டு அறிக்கை செய்றது இதே மார்த்தாள். யோவான் 12:2ல திரும்பவும் பரிமாறுறா, அந்த முறை ஒரு முறைப்பாடும் இல்ல.

அந்தத் தங்கச்சி மரியாள் எங்க வந்தாலும் பாதத்துல தான் இருக்கிறா: லூக்கா 10ல கேட்க, யோவான் 11ல அழ, 12ல தைலம் பூச. அந்தத் தைலம் "ஒரு இராத்தல்" எண்டு பழைய பைபிள்ல இருக்கு, பிள்ளைகள்ட்ட ராத்தல் பாணைக் காட்டிச் சொன்னா உடனே விளங்கும். விலை 300 பணம், ஒரு நாள் கூலி ஒரு பணம், அப்ப கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம். அடுத்த அதிகாரத்துல தான் இயேசு குனிஞ்சு மற்றவங்கட காலைக் கழுவுறார்.

வேலைக்குப் போய் வாறதுக்கே நாள் முடியுது. தியானத்துக்கு எங்க நேரம்?

தானியேல் வேலை இல்லாத ஆள் இல்ல. 120 தேசாதிபதிகளுக்கு மேல இருந்த 3 பிரதானிகள்ல ஒருத்தர். அவர் தினம் மூண்டு தரம் முழங்கால் போட்டார், ராஜாவைத் தவிர வேற யார்ட்டயும் வேண்டினா சாவு எண்டு சட்டம் வந்த பிறகும் "முன் செய்துவந்தபடியே" செஞ்சார் எண்டு 6:10ல இருக்கு, கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. எங்கட கூட்டத்துல ஒரு அண்ணா 100 பஸ்ல வெள்ளவத்தை வரும் வரைக்கும் ஒரு சங்கீதம், அவ்வளவு தான், சீட் கிடைச்சாலும் கிடைக்காட்டியும். ஒரு மணித்தியாலம் செய்யப் போறேன் எண்டு தொடங்கினவங்க ரெண்டு கிழமையில விட்டுட்டாங்க.

நேர்த்தி வச்சுக் கேட்டது கிடைச்சா செலுத்துறது நன்றியா, வியாபாரமா?

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போய்ப் பாருங்க, சைவக்காரர், பௌத்தர் எல்லாரும் மெழுகுதிரியோட நிப்பாங்க, யார்ட மனசுல என்ன எண்டு நான் சொல்ல ஏலாது. பைபிள்ல ரெண்டும் இருக்கு. அன்னாள் பிள்ளை கேட்டு நேர்ந்து, கிடைச்ச சாமுவேலையே கொண்டு போய் விட்டா. யெப்தா நியாயாதிபதிகள் 11ல வாய்க்கு வந்ததை நேர்ந்து மகளைப் பறிகுடுத்தான். சங்கீதம் 116ல பாடுறவர் கர்த்தர் செஞ்ச உபகாரத்துக்கு என்னத்தைச் செலுத்துவேன் எண்டு கேட்கிறார், கிடைச்ச பிறகு கேட்கிற கேள்வி அது, அதுல கணக்குத் தீர்க்கிற எண்ணமே இல்ல. நீ தந்தா நான் தாறேன் எண்டு பேரம் பேசாம, கிடைச்சதுக்குத் திரும்பிப் போனா அது நன்றி தான். பாதிப் பேர் கேட்கப் போவாங்க, கிடைச்ச பிறகு போக மாட்டாங்க, அவங்களை விட மெழுகுதிரியோட திரும்பி வந்தவங்க எவ்வளவோ மேல்.

விதவை ரெண்டு காசு போட்டதைச் சொல்லி ஏழைகள்ட்ட காணிக்கை கேட்கலாமா?

கேட்காதீங்க. மாற்கு 12:41க்கு முன்னால 40ம் வசனத்தை வாசிங்க, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவங்களை இயேசு திட்டி முடிச்ச உடனே தான் அந்த விதவை வாறா. அவட அர்ப்பணிப்பைப் பாராட்டினார், அவட்ட வாங்கினவங்களைப் பாராட்டல.

டீச்சர், திரும்பி வராத ஒன்பது பேருக்கும் திரும்ப அந்த வருத்தம் வந்ததா?

சண்டே ஸ்கூல்ல எட்டு வயசுப் பிள்ளை. இல்ல மகள், அப்படி எழுதல. நன்றி சொல்லாட்டி குடுத்ததைப் பறிக்கிற ஆள் இல்ல இயேசு. அவங்க சொன்ன பேச்சைக் கேட்டுத் தான் ஆசாரியர்ட்ட போனாங்க, எட்டு நாள் சடங்கு இருக்கு, லேவியராகமம் 14. எத்தனையோ நாளுக்குப் பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்திருப்பாங்க.

அவள் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுச் சொன்னாள்: "அப்ப பிறகு தேடி வந்திருப்பாங்க டீச்சர், அதுக்குள்ள இயேசு எருசலேமுக்குப் போயிருப்பார்." 11ம் வசனத்தைத் திருப்பிப் பார்த்தேன், ஓம், அவர் எருசலேமுக்குப் போற வழியில தான் இருந்தார்.